அடுப்பில்லாப் பந்தி

ஞானசிகாமணி நாவலில் அன்றைய பக்கத்தைப் பாதிகூட வாசித்திருக்க மாட்டார், அதற்குள் நப்பின்னையின் வாயில் எச்சில் ஊறிவிட்டது. அண்ணனோடு சண்டை பிடித்துக்கொண்டு படகேறிப் போன தம்பி, பசி தாங்காமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்தான். அண்ணி மீன்குழம்பை ஊற்றினாள். "கோபம் தொண்டை வரைக்கும்தான் இருந்தது. அதற்குக் கீழே குழம்பு போய்விட்டது" என்று கரகரத்த குரலில் வாசித்துவிட்டு, ஞானசிகாமணி நாவலைக் கவிழ்த்து வைத்தார்.

"சரி மக்ளே, பந்தியில உக்காருவோமா?"

பந்தி என்பது பேச்சுக்குத்தான். அவர் இருந்தது நாகர்கோவிலில். நப்பின்னை கோவையில், ஹாஜிரா காயல்பட்டினத்தில், வரதன் ஆஸ்லோவில். நான்கு பேரையும் திரை ஒன்றுசேர்த்திருந்தது. நப்பின்னையின் முன்னால் ஒரு கோப்பை சத்துக்கூழ். உடம்புக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு, நாக்குக்கு வேண்டியது மட்டும் கிடையாது. நனைந்த அட்டைப்பெட்டியை மென்றால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். ஆனால் அவள் ஒரு மிடறு விழுங்கியதும் வாயெல்லாம் மீன்குழம்பு பரவியது. புளிப்பு முதலில் வந்தது, பின்னாலேயே மிளகாய், கடைசியில் தேங்காயின் மெல்லிய இனிப்பு. மாங்காய்த் துண்டு ஒன்று பல்லில் பட்டதுபோல்கூட இருந்தது. நப்பின்னை கண்ணை மூடிக்கொண்டாள்.

சுவையிழை வந்தபிறகு சாப்பாடு என்பதே இப்படித்தான் ஆகிவிட்டது. வெங்காயத்தின் உள்தோல் அளவுக்கு மெல்லிய படலம் அது. அடிநாக்கில் ஒட்டிக்கொண்டால், நாக்கிலிருந்து மூளைக்கு நரம்பில் என்ன செய்தி போகிறதோ அதைப் படித்து அனுப்பும். இன்னொருவர் அனுப்புவதை வாங்கி நம் நரம்பில் ஏற்றும். மணமும் சேர்ந்தே வரும். தஞ்சாவூரில் ஒருவர் சாம்பார் சாதம் சாப்பிட்டால், தைவானில் கூழ் குடிப்பவருக்கு அது சாம்பார் சாதம். புதிதாகக் கட்டும் அடுக்ககங்களில் சமையலறையே வைப்பதில்லை. உப்பு வாங்க வேண்டுமென்றால் கடை தேட வேண்டியிருந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் இழை கறாராக இருந்தது. சுவையைப் பதிவுசெய்து வைக்க அதனால் முடியாது. எங்கோ யாரோ ஒருவர் அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் மற்றவர்களுக்கும் கிடைக்கும்.

இந்த நான்கு பேரும் இதற்காக ஒன்றுகூடியவர்கள் அல்ல. இணையத்தில் ஒரு பெரிய வாசகர் குழு இருந்தது. என்ன வாசிக்கிறோம், என்ன சாப்பிடுகிறோம், எந்தப் புத்தகத்தின் மேல் எந்தப் பிராணி படுத்திருக்கிறது என்று ஆயிரக்கணக்கானவர்கள் படம் போடுவார்கள். அக்கா முறையில் எல்லோரும் லாத்தா என்றழைக்கும் ஹாஜிராவின் பூனைக்கு முன்னுரை என்று பெயர். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் வந்து குந்திக்கொள்ளும், எல்லோரும் அதைப் பொருட்படுத்தாமல் தள்ளிவிட்டு உள்ளே போவார்கள். ஞானசிகாமணி அண்ணனின் நாய்க்கு அடிக்குறிப்பு என்று பெயர். எப்போதும் காலடியில்தான் கிடக்கும். பிராணிகளுக்கு இப்படிப் பெயர் வைக்கும் மனிதர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்காமல் இருப்பார்களா? அந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரித்த நப்பின்னையும் வரதனும் அந்தப் பக்கமே ஒட்டிக்கொண்டார்கள். நேரில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் யார் வீட்டுப் பிராணிக்கு வயிறு சரியில்லை என்பதுவரை எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ஞானசிகாமணிக்குத் தொண்டையில் கட்டி வந்தது. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தனக்கும் நாய்க்குமாகத் தானே சமைத்து, ருசித்து, அதைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு எழுதியும் போடுவார். கதிர்ச்சிகிச்சையில் கட்டி கரைந்தது, கூடவே நாக்கும் செத்துவிட்டது. இனிப்பு, உப்பு, உறைப்பு எதுவும் தெரியவில்லை. தொண்டை கூழைத் தவிர வேறெதையும் ஏற்கவில்லை. ருசியில்லாத கூழோ உள்ளே இறங்கவில்லை. இரண்டு மிடறுக்குமேல் குமட்டியது. சட்டை தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. இனியும் எடை குறைந்தால் வயிற்றில் துளைபோட்டுக் குழாய் வைக்க வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"வாயி வழியா ஒண்ணும் போகாதுன்னா, அப்புறம் நான் எதுக்கு மக்ளே?" என்று அவர் கேட்டார். எப்போதும் கேலியும் கிண்டலுமாகப் பேசும் மனுஷன் அவர்.

ஆளுக்கொரு சுவையிழை வாங்கிக்கொள்வோம் என்று சொன்னவன் வரதன். இழைகளைப் பந்தி முறையில் இணைத்தால் ஒருவர் சுவை எல்லோருக்கும் சுற்றிவரும். யார் நாக்கில் சுவை பலமாக இருக்கிறதோ அதுதான் மற்றவர்கள் நாக்கிலும் நிற்கும். எனவே தினமும் மத்தியானம் ஒருவர் முறைவைத்து உண்மையாகவே சமைத்துச் சாப்பிடுவது, ஞானசிகாமணி அதன் ருசியில் கூழை இறக்குவது என்று முடிவாயிற்று. என்ன சமைப்பது என்பதில் சண்டை வரக்கூடாது என்பதற்காக, வாசிக்கும் நாவலில் என்ன வருகிறதோ அதையே சமைப்பது என்று ஹாஜிரா ஒரு விதி போட்டார். நாவலும் அதற்கென்றே வாய்த்தது. பழைய பேப்பர் கடையில் ஞானசிகாமணி எடைக்கு வாங்கிய புத்தகம். முகப்பு கிழிந்துபோய் எழுதியவர் பெயரே தெரியாது. அதில் அத்தியாயத்துக்கு ஒருமுறை யாராவது சாப்பிடுவார்கள். கொலை நடந்த வீட்டில்கூட வந்தவர்களுக்கு இட்லி கொடுத்தார்கள். மறுநாள் என்ன வரும் என்று முந்தைய நாளே சொல்லிவிடுவார், முறைக்காரர் தயாராக இருக்க வேண்டும். சாப்பிடும் முன்னால் பக்கத்தை வாசிக்கும் வேலையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. குரல் தேய்ந்து போயிருந்தாலும் அவரே வாசிப்பார்.

முதல் நாள் ஹாஜிரா ரசம்போல வைத்த புளியாணத்தை வாயில் உணர்ந்ததும் அந்த மனுஷன் அழுதது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அன்றைக்குக் கோப்பை காலியாயிற்று. அடுத்தடுத்த வாரங்களில் எடை ஏறியது, மருத்துவர் குழாய்ப் பேச்சை எடுப்பதை விட்டார்.

அதெல்லாம் ஆரம்பத்தில். இன்றைக்கு மீன்குழம்பு ஹாஜிராவின் முறை. நப்பின்னை கண்ணைத் திறந்து, பாராட்டலாம் என்று திரையைப் பார்த்தாள். திரையில் முகங்கள்தான் தெரியும், தட்டு தெரியாது. ஹாஜிராவின் தோளுக்குப் பின்னால் மேசை விளிம்பில் பூனை படுத்திருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தது.

நப்பின்னை கோப்பையைக் கீழே வைத்தாள். ஆரம்ப நாட்களில் மீன் என்றால் அந்தப் பூனை ஹாஜிராவைச் சாப்பிடவே விடாது. தலைக்குமேல் ஏறும், கையைப் பிறாண்டும், ஒருமுறை சட்டியோடு கவிழ்த்தே விட்டது. இன்று வீடு முழுக்க மீன்குழம்பு மணக்க வேண்டிய நேரத்தில் சுவரைப் பார்த்துத் தூங்குகிறது!

பந்தி கலைந்ததும் ஹாஜிராவைத் தனியாக அழைத்தாள்.

"லாத்தா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இன்னைக்கு நீங்க சமைச்சீங்களா?"

ஹாஜிரா மெதுவாக, "நீதானேம்மா சமைச்சே?" என்று கேட்டார்.

"நானா?"

"அல்லாவே! எனக்கு முட்டுவலி வந்ததுலேர்ந்து அடுப்படியில நிக்க முடியல புள்ள. சமைக்காத மொத நாளு சொல்லிடலாம்னுதான் வந்து உக்காந்தேன். ஆனா ருசி வந்துட்டு. சரி, லாத்தா சமைச்சிருக்க மாட்டாங்கன்னு நீ கண்டுபிடிச்சு, நீயே செஞ்சு, வெளிய சொல்லாம என் மானத்தக் காப்பாத்துறேன்னு நெனச்சேன். உனக்கு எத்தன துஆ செஞ்சிருக்கேன் தெரியுமா?"

நப்பின்னைக்குக் காது சுட்டது. ஏனென்றால் அவள் கதையும் அச்சாக இதேதான். வேலையில் மாட்டிக்கொண்டு ஒருநாள் சமைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்து உட்கார்ந்தால் நாவலில் சொன்ன வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வாயில் வந்து நின்றது. லாத்தாதான் பெருந்தன்மையாகச் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த முறையும் சமைக்கவில்லை. அதற்கடுத்த முறை சமைக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை.

இருவரும் வரதனைப் பிடித்தார்கள்.

"நான் எப்ப அக்கா சமைச்சனான்? வேலைக்குப் போற அவசரத்தில எனக்கு அது காலைச் சாப்பாடு. ரெண்டு தரம் முட்டை பொரிச்சன், அதுவும் கருகிப் போச்சு. பிறகு நீங்கள் ரெண்டு பேரும் பாத்துக்கொள்ளுறீங்கள் எண்டு விட்டிட்டன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இவ்வளவு நாளும் சமைச்சது ஆர்?" என்றான்.

அதுதான் கேள்வி. இத்தனை வாரங்களாக நான்கு கோப்பையிலும் கூழ்தான் இருந்திருக்கிறது. ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை. பதிவுசெய்ய முடியாத சுவை, யாருமே சாப்பிடாத சாப்பாட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

"பழைய ருசி ஏதாவது வளையத்துக்குள்ள மாட்டிக்கிட்டுச் சுத்துதோ என்னமோ. அப்படீன்னா என்னைக்கு வேணாலும் தேஞ்சு நின்னுபோகும்" என்றாள் நப்பின்னை. சொல்லும்போதே பயமாக இருந்தது. நின்றுபோனால் ஞானசிகாமணி அண்ணனின் கோப்பையும் நின்றுபோகும். அப்புறம் குழாய்தான்.

மறுநாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். வாடகை அடுப்பு ஒன்றை மறுபடி தேடிப்பிடித்து, நாவலில் வரும் கத்தரிக்காய்க் குழம்பைத் தன் கையால் வைத்தாள். குழம்பு மாதிரித்தான் இருந்தது என்று அவளே சொல்லிக்கொண்டாள். பந்தியில் முதல் கவளத்தை வாயில் வைத்தாள். உண்மையான நாக்கு, உண்மையான சோறு. அவள் சுவை எல்லோர் நாக்கிலும் ஏறியது.

ஞானசிகாமணி முகத்தைச் சுளித்தார்.

"ஆரு மக்ளே இன்னைக்கு? குத்தஞ் சொல்லுகேன்னு நினைக்காதுங்க. புளி கொதிக்கவே இல்ல பாத்துக்கோ. காரம் தனியா நிக்கு. எண்ணெயும் நம்ம எண்ணெய் மாதிரி தெரியல." இரண்டு மிடறு முயன்றார், குமட்டியது. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "வயிறு ஒரு மாதிரியா இருக்கு. நீங்க சாப்பிடுங்க" என்று அவளைச் சமாதானப்படுத்தினார்.

நப்பின்னை விடவில்லை. மறுநாளும் சமைத்தாள். அன்றும் அவர் சாப்பிடவில்லை. அந்த வாரம் எடை குறைந்தது, மருத்துவர் முகம் மாறியது. உண்மையான சாப்பாட்டைப் போட்டு ஒரு மனுஷனைப் பட்டினி போடுகிறோமே என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. அடுப்பைத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி நான்கு கோப்பைகளிலும் கூழ். ஞானசிகாமணி பக்கத்தை வாசித்தார். அவியலும் பருப்புக்குழம்பும் நாக்கில் வந்து இறங்கின. அவர் கோப்பையைச் சுத்தமாகக் குடித்து முடித்தார்.

"பாத்தியா, இதுதான் கைப்பக்குவம்!" என்றார்.

அப்போதுதான் நப்பின்னைக்கு அந்த யோசனை வந்தது. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள். பந்தியில் யாருடைய இழையையும் நம் பக்கம் வராமல் விலக்கி வைக்கலாம். அடுத்த பந்தியில் முதலில் வரதனை விலக்கினாள். சுவை அப்படியே இருந்தது. ஹாஜிராவையும் விலக்கினாள். அப்போதும் இருந்தது. பிறகு, மனசில்லாமல், ஞானசிகாமணியை விலக்கினாள்.

வாயில் நனைந்த அட்டைப்பெட்டி.

மறுபடி இணைத்தாள். பொரித்த நெத்திலி. தேங்காய் எண்ணெய் மணத்தோடு.

தேங்காய் எண்ணெய்! இந்த வாரங்களில் வந்த எல்லாச் சாப்பாட்டிலும் அது இருந்தது. கொங்குநாட்டுக் குழம்பு என்று நாவல் சொன்ன இடத்தில்கூட இருந்தது. அவள் வீட்டில் அதைத் தலைக்குத்தான் தேய்ப்பார்கள். ஹாஜிராவும் மீனுக்கு அதைத் தொடமாட்டேன் என்பவர். வரதன் வீட்டில் நல்லெண்ணெய்தான். அதில் சமைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர் இந்த நான்கு பேரில் ஒருவர்தான்.

ஆனால் அவர் நாக்குதான் செத்துப்போயிற்றே?

நப்பின்னை பிழைப்புக்குச் செய்வது, விபத்தில் கை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கையைப் பழக்கும் வேலை. கை போனபிறகும் அந்த இல்லாத கை அரிக்கிறது, விரல் வலிக்கிறது என்பார்கள். பொய்யில்லை. கையிலிருந்து செய்தி வராதபோது மூளை சும்மா இருப்பதில்லை. தனக்குத் தெரிந்த கையைத் தானே நரம்பில் எழுதிக்கொள்ளும். நம் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுகிறது, ஆனால் உயிருள்ள கை போடும் சத்தத்தில் அது கேட்பதில்லை. அன்று சாயங்காலம் ஒரு நோயாளி தன் இல்லாத கட்டைவிரலை மடக்கிக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கையில், அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஞானசிகாமணியின் இழை அவர் நாக்கில் எதையும் படிக்கவில்லை. படிக்க அங்கே ஒன்றுமில்லை. அந்த மௌனத்தில் அது மூளை எழுதியதைப் படித்திருக்கிறது. பக்கத்தை வாசிக்கிறார், வாசித்ததை மனசு சமைக்கிறது, இழை அதை எடுத்து மற்ற மூவருக்கும் பரிமாறுகிறது. கூழால் மந்தித்துக் கிடந்த அந்த மூன்று நாக்குகள் அதை வாங்கிப் பலப்படுத்தி அவருக்கே திருப்பி அனுப்புகின்றன. அவரோ, நண்பர்கள் சமைத்துப் போடுகிறார்கள் என்று நன்றியோடு சாப்பிடுகிறார்.

நாவலில் மீன்குழம்பு என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது. மாங்காய்த் துண்டு அதில் இல்லை. தேங்காயை எவ்வளவு அரைக்க வேண்டும் என்று இல்லை. அதெல்லாம் அவர் போட்டது. நப்பின்னையும் ஆயிரம் புத்தகம் வாசித்தவள்தான். இப்படி ஒரு வாசகரை அவள் பார்த்ததேயில்லை. நாக்கே இல்லாத ஒரு மனுஷன் மூன்று ஊரில் இருக்கும் மூன்று பேருக்கு இத்தனை நாள் சோறு போட்டிருக்கிறார்! சிகிச்சை அறையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நோயாளி, தன் கட்டைவிரலுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

மூவரும் தனியாகப் பேசினார்கள்.

"ஐயாவிட்டச் சொல்லுவம் அக்கா" என்றான் வரதன். "அந்த மனுசனுக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்!"

"பெருமையா? விளங்காம பேசாதே தம்பி" என்றார் ஹாஜிரா. "நாம யாரும் அடுப்பே பத்த வைக்கலன்னு சொன்னா, இத்தன நாளும் தனியாத்தான் சாப்பிட்டேனான்னு அவுங்களுக்குத் தோணாதா? தனியா உக்காந்தா அவுங்களுக்கு எறங்காது. அதுக்குத்தானே பந்தியே போட்டோம்?"

நப்பின்னைக்கு வேறு பயமும் இருந்தது. இல்லாத விரலை ஆட்டிக்கொண்டிருக்கும் நோயாளியிடம், நீங்கள்தான் ஆட்டுகிறீர்கள் என்று சொன்ன மறுநிமிடமே அது நின்றுபோவதை அவள் பார்த்திருக்கிறாள். "சொல்ல வேண்டாமுங்க. சாப்பிடறவரைக்கும் சாப்பிடட்டும்" என்றாள்.

அதிலிருந்து மூவரும் வேறு மாதிரிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஞானசிகாமணி வாசிக்கும்போது குறுக்கே பேசுவதில்லை. "இன்னைக்கு ரொம்ப அருமைங்கண்ணா" என்று நப்பின்னை தன்னை மறந்து சொல்லிவிடுவாள். அவர், "சமைச்சவங்களச் சொல்லு மக்ளே, என்னைய ஏன் சொல்லுக?" என்று சிரிப்பார். நோயாளி ஒருவரின் கையால் சாப்பிடுகிறோமே என்று மூவருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக ருசித்தது. மறுபடி சமைத்துப் பழகலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் கைப்பக்குவத்துக்கு முன்னால் நாம் எம்மாத்திரம் என்பது நல்ல சாக்காகவும் அமைந்துவிட்டது. ஞானசிகாமணியின் கன்னம் மெல்ல நிறைந்து வந்தது.

நாவல் முடியும் தறுவாயில் கல்யாண அத்தியாயம் வந்தது. சண்டைபோட்ட தம்பிக்கு அண்ணனே முன்நின்று கல்யாணம் செய்து வைக்கிறான். பந்தி மட்டுமே நான்கு பக்கம். முந்தைய நாளிலிருந்தே எல்லோரும் ஆவலாகக் காத்திருந்தார்கள். வரதன் வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டே வந்திருந்தான்.

ஞானசிகாமணி அன்று அழகாக வாசித்தார். பருப்பும் நெய்யும் விழுந்தன, எரிசேரி வந்தது, பாயசத்துக்குப் பழம் பிசைந்தார்கள். வாசித்து முடித்துப் புத்தகத்தைக் கவிழ்த்தார். நான்கு பேரும் கோப்பையை எடுத்து ஒரு மிடறு விழுங்கினார்கள்.

நான்கு வாயிலும் நனைந்த அட்டைப்பெட்டி.

ஹாஜிரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "என்ன சாமான் இது!" என்று வரதன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான். நின்றுபோய்விட்டது, அவ்வளவுதான் என்று நப்பின்னை திரையில் அவர் முகத்தைத் தேடினாள்.

ஞானசிகாமணி கோப்பையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு மிடறு குடித்தார். மேலுதட்டை நக்கிப் பார்த்தார். பிறகு கன்னத்தில் வழிந்த கண்ணீரை விரலால் தொட்டு, அந்த விரலை வாயில் வைத்தார்.

"உப்பு" என்றார். "மக்ளே, உப்புக் கரிக்கி!"

இன்னொரு கன்னத்தையும் தொட்டு நக்கினார்.

"என் நாக்கு! எனக்கு நாக்கு வந்தாச்சு பாத்துக்கிடுங்க! சீ, இந்தக் கூழு இவ்வளவு கேவலமாவா இருக்கும்? இந்த எழவையா நான் இத்தன நாளு குடிச்சேன்?" சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை. இன்னும் ஒரு மிடறு குடித்து, "தூ, தூ" என்று துப்பி, மறுபடி குடித்தார். அந்த நாற்றக் கூழின் ருசி ஒவ்வொரு மிடறுக்கும் நான்கு நாக்கிலும் ஏறியது. ஹாஜிரா அழுதுகொண்டே அதை விழுங்கினார். நப்பின்னை தன் வாழ்நாளில் சாப்பிட்டதிலேயே சந்தோஷமான சாப்பாடு அதுதான்.

கொஞ்சம் நிதானத்துக்கு வந்ததும் ஞானசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, கூழு போதும். தொண்டைக்கு இன்னும் இதுதான்னு டாக்டர் சொல்லியாச்சு, ஆனா நாக்குக்கு என்ன கேடு? கல்யாணச் சாப்பாடு எங்க? எனக்கு ஒண்ணுமே வரலியே. நீங்க இன்னும் வாய வைக்கலியா? சீக்கிரம் எடுத்து வையுங்க."

மூன்று பேரும் தங்கள் முன்னால் இருந்த மூன்று கூழ்க் கோப்பைகளைப் பார்த்தார்கள். சமைத்துப் போட்டவர் குணமாகிவிட்டார். அவர் நாக்கு போடும் சத்தத்தில் இனி அவர் மனசின் சமையல் கேட்காது. முதல்முறையாக அவருக்கு உண்மையிலேயே பசிக்கிறது, ஊட்ட வேண்டியவர்களுக்கோ அடுப்பே மறந்துபோயிருந்தது.

"அஞ்சு நிமிஷம் பொறுங்கண்ணே" என்று முட்டுவலியையும் மறந்து ஹாஜிரா எழுந்து ஓடினார். வரதனும் காணாமல்போனான். ஆஸ்லோவிலிருந்து ஏதோ பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிஷம் அரைமணி ஆயிற்று. நப்பின்னை பக்கத்துக்குடித்தனத்தில் கெஞ்சி வாங்கிய அரிசியை அவர்கள் அடுப்பிலேயே குழையவிட்டு, பருப்பு என்று ஒன்றைச் செய்து, வாயில் வைத்தாள். மற்ற இருவரும் தங்கள் பங்குக்கு, அவசரத்தில் அடிபிடித்ததும் வேகாததுமாக, ஆளுக்கொன்றை வாயில் வைத்தார்கள்.

ஞானசிகாமணி நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். உயிர் வந்த நாக்கு, தாட்சண்யம் பார்க்கவில்லை.

"மனசு நோக வேண்டாம் மக்ளே. உள்ளதச் சொல்லணும்னா, வாயில வைக்க முடியல. இத்தன நாளும் சமைச்சாங்களே, அது உங்கள்ல ஆரு? அந்த ஆளையே செய்யச் சொல்லுங்க. அந்தக் கை வேற ஆருக்கும் வராது."

ஹாஜிரா நப்பின்னையைப் பார்த்தார். வரதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது நாங்க இல்லீங்கண்ணா" என்றாள் நப்பின்னை. "எங்களுக்கு ரொம்ப வேண்டப்பட்டவரு ஒருத்தருங்க. அவருக்கு இப்பத்தான் ஒடம்பு தேறிட்டு வருது. இனி அவரால முடியாதுங்க. நாங்கதான் கத்துக்கோணும்."

ஞானசிகாமணி உச்சுக்கொட்டினார்.

"அய்யோ பாவம். சீக்காளியா இருந்துக்கிட்டா நமக்கு இத்தன நாளு பொங்கிப் போட்டாரு?" என்று மனம் இளகினார். பிறகு கோப்பையை எடுத்து நப்பின்னையின் குழைந்த பருப்புச் சோற்றோடு ஒரு மிடறு விழுங்கி, முகத்தைச் சுளித்து, இன்னொரு மிடறு விழுங்கினார். "அவரயும் நம்ம பந்திக்குக் கூப்பிடுங்க மக்ளே. நாம அவருக்குச் சமைச்சுப் போடுவோம்."